கோடு போட்ட சட்டையை யார் போட வேண்டும்? தீம் உணவக முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தீம் உணவகங்களை நடத்தும் முதலாளிகளுக்கும், அவற்றுக்குச் சுவரும் கூரையும் வேடமும் வரைந்து கொடுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களுக்கு வேண்டாதவள் அல்ல. விசித்திரமான உணவகம் எங்கே திறந்தாலும் முதல் மாதத்திலேயே போய் உட்கார்ந்துவிடுகிற ரகம். சிமெண்டில் குகை கட்டிய கடை ஒன்றில், மேலே ஏசி ஒழுகிக்கொண்டிருந்ததையும் அலங்காரம் என்று எண்ணி ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பொம்மை ரயிலில் தோசை வரும் கடையில் ரயில் வளைவில் கவிழ்ந்து தேங்காய்ச் சட்னி மேசையெல்லாம் ஓடியபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கே தீபாவளி வந்துவிட்டது. பிளைவுட்டில் எழுப்பிய செட்டிநாட்டு வீடுகள், தட்டினால் டப்பாச் சத்தம் போடும் பர்மா தேக்குத் தூண்கள், தரையில் ஒட்டிய ஆத்தங்குடிக் கல் படம் எல்லாமே எனக்குப் பிடிக்கும். பொய் என்று தெரிந்தே அதற்குள் போய் உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டில் கிடைக்காத சோற்றையா அங்கே தின்கிறோம்? வேடிக்கைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஆகவே, "வேடிக்கைக்குத்தானே அம்மா, இதைப் போய் இவ்வளவு பெரிதுபடுத்துகிறீர்களே" என்று சொல்லி இந்த மடலை ஓரமாக வைத்துவிடாதீர்கள். நான் கேட்க வந்ததும் வேடிக்கையைப் பற்றித்தான். அதை யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள்?

எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் சிறைச்சாலை மாதிரி ஓர் உணவகம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அதே அச்சில் வார்த்தவை நாட்டின் பல ஊர்களில் இருக்கின்றன. உங்களில் பலருக்கு, அது நம் கடையோ என்று தோன்றலாம். தோன்றினால் நல்லது. கண் பரிசோதனைக்காக ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பாவை அங்கே அழைத்துப் போனேன். பெரியப்பா சிறைத்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பாளையங்கோட்டை, மதுரை, சென்னை என்று சுற்றி, முதல் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசைதான், வேறென்ன.

வாசலில் கோட்டைக் கதவு போல ஒன்று, மேலே முள்கம்பி, இரண்டு பக்கமும் ஃபைபரில் செய்த காவலர் பொம்மைகள். பெரியப்பா கதவைத் தலை நிமிர்ந்தபடியே தாண்டினார். "திட்டிவாசல் இல்லையே" என்றார். மத்தியச் சிறையின் பெரிய கதவு சும்மா திறக்காதாம். அதில் வெட்டிய சின்ன வாசல் வழியாகத்தான் எல்லோரும் போய்வர வேண்டும், கண்காணிப்பாளரே ஆனாலும் குனிய வேண்டும். அதற்கு அப்பால் இன்னொரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. இங்கே இரண்டு கதவும் அகலத் திறந்து, நடுவில் ஒருவர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வரிசையாகக் கொட்டடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் உணவுப் பட்டியலைத் தருகிறார்கள். பெரியப்பா கம்பியை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிவிசி" என்றார். பக்கத்துக் கொட்டடியில் நான்கு பெண்கள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைச் சோகமாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சென்னை மத்தியச் சிறை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். 1837இல் கட்டிய சிறை அது. 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் இடிப்பதற்கு முன்னால் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று திறந்துவிட்டார்கள். தான் வேலை பார்த்த இடத்தைப் பார்க்க இவரும் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று போனாராம். "அன்றைக்கும் எல்லோரும் இப்படித்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். உள்ளே இருப்பவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டான் அம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான்."

உணவுப் பட்டியல் முதல் தகவல் அறிக்கை வடிவில் இருந்தது. நன்றாகவே சிரித்தோம். ஜாமீன் பிரியாணி, பரோல் பாயசம், ஆயுள் தண்டனை பரோட்டா. "ஆயுள் தண்டனை என்றால் எத்தனை பரோட்டா?" என்று பெரியப்பா கேட்க, "போதும் என்று நீங்கள் சொல்லும் வரைக்கும்" என்று பதில் வந்தது. அது அவருக்குப் பிடித்துப்போனது. களி மட்டும் ஏமாற்றம். சிறை என்றாலே களி என்று நம் பேச்சில் ஊறிவிட்டதால், நீங்கள் அதைத் தங்க நிற நெய்யும் முந்திரியும் போட்டு நல்ல விலைக்கு வைத்திருந்தீர்கள். இப்போது சிறைகளில் காலையில் பொங்கலும் உப்புமாவும்தான், வாரம் ஒருமுறை கோழிக்கறி என்று அவர் சொன்னார். ஆனால் உங்கள் மாஸ்டர் கைக்கு ஒரு குறையும் சொல்லக் கூடாது. அந்த மட்டன் சுக்காவுக்காகவே இன்னொரு தடவை போகலாம். போவதற்குத் தடையாக இருப்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

எங்கள் கொட்டடிக்குச் சப்ளை செய்த தம்பிக்கு இருபது வயது இருக்கலாம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கோடு போட்ட சட்டை, அதே துணியில் கால்சட்டை, தலையில் குல்லா. மார்பில் மூன்று இலக்க எண். எங்கள் எதிர்க் கொட்டடியில் ஒரு பிறந்தநாள். வீட்டுப் பிள்ளைக்குப் போலீஸ் தொப்பியும் பிளாஸ்டிக் லத்தியும் கொடுத்திருந்தீர்கள். கேக் வெட்டுவதற்கு முன் ஒரு சடங்கு: பிள்ளை அந்தத் தம்பியைக் 'கைது' செய்ய வேண்டும். அவர் இரண்டு கையையும் நீட்ட, விலங்கு மாட்டி, முட்டிபோட வைத்து, லத்தியால் முதுகில் இரண்டு தட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். விலங்கை அவிழ்த்ததும் அவர் ஓடிவந்து எங்கள் சால்னாவை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மேசையில் இன்னொரு பிறந்தநாள்.

பெரியப்பா அவர் பெயரைக் கேட்டார். அந்தத் தம்பி தன் மார்பில் இருந்த எண்ணைச் சொன்னார். பெரியப்பா மறுபடியும் கேட்ட பிறகுதான் பெயர் வந்தது, ஒடிசாக்காரர். பெயரை இங்கே எழுதவில்லை, வேலை போய்விடும்.

"நாங்கள்கூட ஆளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எண் ரிஜிஸ்டருக்கு" என்றார் பெரியப்பா. சற்று நிறுத்தி, "எல்லோரும் அப்படி இல்லை. நான் அப்படித்தான் கூப்பிட்டேன்" என்று திருத்திக்கொண்டார். இன்னொன்றும் சொன்னார். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்: "உள்ளே அடைபட்டுச் சோறு தின்பது நாம். வெளியே நடமாடுவது அந்தப் பையன். கணக்குப்படி நாம்தானே கைதி? உடுப்பை மட்டும் எதற்கு அவனுக்கு மாட்டியிருக்கிறார்கள்?"

முதலாளிகளே, வடிவமைப்பாளர்களே, இந்தக் கேள்விக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? உங்கள் வரைபடத்தின்படியே பார்த்தாலும் கொட்டடிக்குள் இருப்பவர் கைதி, சாப்பாடு கொண்டுவந்து கதவைப் பூட்டித் திறப்பவர் காவலர். காக்கிச் சட்டை சப்ளையருக்கும் கோடு போட்ட சட்டை எனக்கும் அல்லவா வர வேண்டும்? ஏன் வரவில்லை என்று நானே சொல்கிறேன். காவலர் வேடம் போட்டவர் வாடிக்கையாளரை அதட்ட வேண்டியிருக்கும். காசு கொடுப்பவருக்கு அது பிடிக்காது. அதனால் அடைபடும் சுகம் மட்டும் எங்களுக்கு. அடிபடும் பங்கு அவருக்கு.

இது சிறை உணவகத்தோடு நின்றுவிடவில்லை. காட்டுத் தீம் வைத்த கடையில் இலைதழை கட்டிக்கொண்டு முகத்தில் சாயம் பூசி 'ஆதிவாசி'யாக நிற்பவர் யார்? அரண்மனைத் தீமில் தலைப்பாகையும் ஜரிகையும் அணிந்து வாசலில் குனிந்து கும்பிடுபவர் யார்? கிராமத் தீமில் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு 'வாங்க எசமான்' என்று சொல்லும்படி பழக்கப்பட்டவர் யார்? ராஜாவும் பண்ணையாரும் போலீசும் எப்போதும் வாடிக்கையாளரே. அடிமை, கூலி, கைதி என்றால் அதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. நானாவது ஒரு தொப்பியை வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கழற்றிவிடுகிறேன். அவர் காலை பதினொரு மணிக்குப் போட்ட சட்டையை இரவு கடை சாத்தும்போதுதான் கழற்றுகிறார். நாங்கள் கிளம்பும்போது அந்தத் தம்பி அதே கோலத்தில் சாலையோரம் நின்ற காருக்குப் பார்சல் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் உங்கள் கடைக்கு டோக்கன் வாங்கியவர்கள் அல்லர். அது உங்கள் தீம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

சரி, அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று வடிவமைப்பாளர் யாராவது தேடிப் பார்த்தீர்களா? நம் ஊர்ச் சிறையில் தண்டனைக் கைதிக்கு வெள்ளை உடுப்பு. விசாரணைக் கைதிக்கு அவரவர் சொந்தத் துணி. பட்டைக் கோடு அமெரிக்கச் சரக்கு. 1820களில் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் சிறையில் கைதிகளை ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, வாய் திறக்காமல், ஒரே அடியாக எடுத்துவைத்து நடக்கவிட்ட காலத்தில் போட்டுவிட்டது. அது அவமானச் சின்னம் என்று அந்த மாநிலமே 1904இல் அதைக் கைவிட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் கைதிக்கே வேண்டாம் என்று கழற்றியதை, எந்தக் குற்றமும் செய்யாத சப்ளையருக்கு நீங்கள் தைத்து மாட்டியிருக்கிறீர்கள்.

குற்றம் செய்யாதவர் என்றதும் இன்னொரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.7 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4.3 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு நீதிமன்றம் இன்னும் தீர்ப்பே சொல்லவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாருக்கு வழியில்லாமல் உள்ளே கிடப்பவர்களைப் பெரியப்பா நிறையப் பார்த்திருக்கிறார். ஜாமீன் பிரியாணியின் விலையை அவர் பட்டியலில் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். "எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். மனுவை மட்டும் விட்டுவிட்டார்கள்" என்றார். உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக்கொடுத்துக் காத்திருப்பதைத்தான் மனு என்பார்கள். சிறை வாசலில் மரத்தடியில் காலையிலிருந்து பிஸ்கட் பொட்டலமும் பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள், கைக்குழந்தையோடு வந்த மனைவிமார்கள். அவர்களுக்குப் பொம்மை செய்து வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை. வைத்தால் பிரியாணி இறங்காது என்று தெரிந்திருக்கிறது போலும்.

இனி நான் சொல்லப் போவது உங்கள் தொழிலுக்கே உதவும். இத்தாலியில் மிலான் நகருக்குப் பக்கத்தில் பொல்லாத்தே என்ற சிறைக்குள் 2015இல் ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் 'இன்கலேரா'. நம் 'உள்ளே', 'கம்பி எண்ணிக்கொண்டு' என்பது மாதிரி அவர்கள் ஊர்ப் பேச்சுவழக்கு. சமைப்பவரும் பரிமாறுபவரும் நிஜக் கைதிகள். சுவரில் சிறையைப் பற்றிய சினிமாப் போஸ்டர்களை ஒட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் கிண்டல் தெரியும். ஆனால் பரிமாறுகிறவர் என்ன உடுத்துகிறார் தெரியுமா? வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு வெயிஸ்ட்கோட். எந்தப் பெரிய ஹோட்டலிலும் ஒரு கண்ணியமான வெயிட்டர் உடுத்துவது. நிஜச் சிறையில் கைதிக்கு வெயிட்டர் உடுப்பு கொடுக்கிறார்கள். நாம் வெயிட்டருக்குக் கைதி உடுப்பு கொடுக்கிறோம். அங்கே மனிதரை ஒரு படி ஏற்றுவதற்குத் துணி பயன்படுகிறது. இங்கே எதற்குப் பயன்படுகிறது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். டெல்லியில் திகார் சிறையை ஒட்டிய ஜெயில் சாலையில் 2014இல் கைதிகளே நடத்தும் உணவகம் வந்தது. இங்கிலாந்தில் ஹை டவுன் சிறைக்குள் 2009இல் தொடங்கிய 'கிளிங்க்' உணவகத்தில் சாப்பிடப் போனால் பிளாஸ்டிக் கத்தியும் முள்கரண்டியும்தான் கொடுப்பார்கள். அது பாதுகாப்புக்காக, விளையாட்டுக்கு அல்ல. ஆனாலும் மேசை விரிப்பில் கறை இருக்காது. இந்த இடங்களிலெல்லாம் விசித்திரம் குறைவா? போய்ப் பார்க்கும் ஆவல் எழவில்லையா? எனக்கு எழுகிறது. கைதி வேடத்தை வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும் இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவில் சங்காரெட்டியில், 1796இல் கட்டிய பழைய சிறையை அருங்காட்சியகமாக்கி, 500 ரூபாய் கட்டினால் ஒரு நாள் முழுக்க உள்ளே அடைத்துவைக்கும் ஏற்பாட்டை 2016இல் கொண்டுவந்தார்கள். உடுப்பும் தட்டும் குவளையும் கொடுத்து, அறையைக் கூட்டவும் வைப்பார்கள். அசட்டுத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசைப்பட்டவனே அனுபவிக்கிறான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அலங்காரம் விசித்திரமாக இருந்தால் பணியாளும் கோமாளியாக இருந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அகமதாபாத் லால் தர்வாஜா பகுதியில் 'நியூ லக்கி' என்ற உணவகம் இருக்கிறது. பழைய கபர்ஸ்தான் மேல் எழுந்த கட்டிடம். சமாதிகளை அகற்றவில்லை, பச்சை வர்ணம் அடித்து, சுற்றிலும் இரும்புக் கம்பி கட்டி, அவற்றுக்கு நடுவில் மேசைகளைப் போட்டுவிட்டார்கள். தினமும் அவற்றின்மேல் பூ வைக்கிறார்கள். அப்புறம் மஸ்கா பன்னும் சாயாவும் வியாபாரம். ஓவியர் எம்.எஃப். ஹுசைன் அங்கே வாடிக்கையாகத் தேநீர் குடிப்பவர். தம் ஓவியம் ஒன்றைக் கடைக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், சுவரில் மாட்டியிருக்கிறது. செத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதைவிட விசித்திரம் வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தக் கடையில் எந்தப் பணியாளும் கோடித்துணி போர்த்திக்கொண்டு அலையவில்லை. சமாதி சமாதியாக இருக்கிறது, சாயா கொண்டுவருபவர் சாயா கொண்டுவருபவராக இருக்கிறார்.

மாறாக, 1890களில் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 'நேஆன்' என்று ஒரு மதுக்கூடம் இருந்தது. சவப்பெட்டிகளே மேசை, வெயிட்டர்கள் பிணம் தூக்குகிறவர்கள் மாதிரி உடுத்தியிருப்பார்கள், குடிவகைகளுக்கு நோய்களின் பெயர். ஆனால் அங்கே வெயிட்டர் வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் 'பிணமே, வா' என்கிற மாதிரி வரவேற்பார். கேலி காசு கொடுத்தவர் மேல் விழுந்தது. நூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய பிணக்கடைக்கு இருந்த நேர்மைகூட நம் புறவழிச்சாலையில் இல்லை.

சில பொருள்களைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கை கழுவும் இடத்தில் செல்ஃபிக்காகத் தொங்கவிட்டிருந்த தூக்குக் கயிறு. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேறியது 1995 ஏப்ரலில், சேலம் மத்தியச் சிறையில். பெரியப்பா அப்போது பணியில் இருந்தவர். அந்தக் கயிற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவினார், துண்டில் துடைத்தார், வந்துவிட்டார். தூக்கு என்பது எத்தனை வீடுகளில் தண்டனையாக இல்லாமலே நடந்திருக்கிறது என்று யோசித்தாலே போதும், அதை இன்றைக்கே கழற்றிவிடுவீர்கள்.

இன்னொன்று, கரும்புச்சாறு விற்கும் மூலையில் இருந்த செக்கு. 'இழுத்துச் சுற்றினால் ஒரு ஜூஸ் இலவசம்' என்று பலகை. சிறை, செக்கு என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது ஒரே ஆள்தான். 1908இல் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்ட வ.உ.சி. அந்தக் கல் செக்கைச் சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். கப்பல் கம்பெனி நடத்தியவர், வெளியே வந்தபோது கையில் ஒன்றுமில்லை. ஜூஸ் இலவசம் என்ற பலகையை எழுதியவருக்கு இது தெரியாமலும் இருக்கலாம். தெரிந்துதான் எழுதினார் என்றால் அவரிடம் எனக்குப் பேச்சில்லை.

"தீம் மாற்றினால் முதலீடு என்ன ஆவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 2006இல் நவி மும்பையில் ஹிட்லர் பெயரில், ஹிட்லர் படத்தோடு, ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தோம் என்றார்கள். யூதர்கள் எதிர்த்ததும் சில நாட்களில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயர்ப் பலகையையே மாற்ற முடிகிறபோது சட்டையை மாற்ற முடியாதா? நான் உங்கள் சுவரை இடிக்கச் சொல்லவில்லை. முள்கம்பி இருக்கட்டும், பிவிசி கம்பி இருக்கட்டும், ஆயுள் தண்டனை பரோட்டா அவசியம் இருக்கட்டும். சப்ளையருக்கு ஒரு நல்ல பருத்திச் சட்டை கொடுங்கள், கோடில்லாமல். மார்பில் எண் இருக்கும் இடத்தில் பெயர் இருக்கட்டும், விருப்பப்பட்டால். கோடு போட்ட சட்டைகளை வீணாக்க வேண்டாம்; துவைத்து வாசலில் ஒரு கம்பியில் மாட்டிவையுங்கள். கைதியாக இருந்து பார்க்க ஆசைப்படும் வாடிக்கையாளர் எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே உட்காரட்டும். பிறந்தநாள் பிள்ளை யாரையாவது கைது செய்தே ஆக வேண்டும் என்றால், கூட வந்த மாமாவையோ சித்தப்பாவையோ செய்யட்டும். அவர்கள் சந்தோஷமாக முட்டிபோடுவார்கள், படமும் நன்றாக வரும். என் பெரியப்பாவைக் கேட்டிருந்தால் அவரே கையை நீட்டியிருப்பார்.

சிறை என்ற பொருளின் மேல் உங்களுக்கு உண்மையிலேயே பிரியம் இருந்தால் செய்வதற்கு வேலை இருக்கிறது. நம் மத்தியச் சிறைகளில் தண்டனைக் கைதிகள் செய்யும் பொருள்கள் சிறை அங்காடிகளில் விற்கின்றன. ரொட்டி, காரம், துணி எல்லாம் கிடைக்கும். உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் அவற்றை வாங்கி வைத்து விற்றால் நான் வாங்குவேன். தண்டனை முடிந்து வெளியே வந்து, எந்தக் கடையிலும் வேலை கிடைக்காமல் திரிகிறவர்களில் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களுக்கு உலை வைத்த கைகள் அவை. அவர்களில் ஒருவரை உங்கள் அடுப்படியில் சேர்த்துக்கொள்வீர்களா? பெரும்பாலும் மாட்டீர்கள். 'வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்' என்பீர்கள். கைதி வேடத்தைக் கைதட்டி ரசிக்கும் அதே வாடிக்கையாளர்களைச் சொல்கிறீர்கள்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம், தீமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. நாங்கள் இருந்த நேரம் முழுக்க அந்தத் தம்பியோ மற்றவர்களோ எங்கும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. உட்கார இடமே இல்லை. கொட்டடிக்குள் இருக்கும் பெஞ்சுகள் எங்களுக்கு. வாசலில் இருக்கும் நாற்காலியில் ஃபைபர் காவலர் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். பிரிவு 22-ஏ. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் அவர்கள் கொஞ்சம் கால் ஆற, சமையலறை வாசல் பக்கம் நான்கு ஸ்டூல் போடுங்கள். அலங்காரம் கெட்டுவிடும் என்று வடிவமைப்பாளர் சொன்னால், அவற்றுக்கும் துருப்பிடித்த மாதிரி வர்ணம் அடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மட்டன் சுக்காவுக்காக மறுபடி வரக் காத்திருக்கும் வாடிக்கையாளர்